ஐந்து லூமென் வெளிச்சம்

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்றுதான். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன விளக்கு வாங்குகிறவர்களை நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். எவ்வளவு குறைவாக எரியும்? பொத்தானை அமுக்கியதும் முதலில் வருவது எந்த வெளிச்சம்? ஓலைட் நிறுவனத்தின் ஐ3டி ஈயோஸ் விளக்கைத் தினமும் கையில் வைத்துப் புழங்கிய பிறகு, இந்த இரண்டு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிற விளக்கு என்று தயங்காமல் சொல்வேன்.

நீளம் 89 மில்லிமீட்டர். செல்லோடு சேர்த்து எடை 39 கிராம். டிவி ரிமோட்டில் போடுகிற டிரிபிள் ஏ செல் ஒன்று போதும். பேனாவுக்குப் பக்கத்தில் செருகிவிட்டால் பை தொங்காது, குனிந்தால் விழாது. அலுமினிய உடலில் இரட்டைச் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அழகுக்காகச் செய்தது போலத் தோன்றினாலும், ஈரக் கையோடு எடுக்கும்போது அதன் பயன் தெரிகிறது. கிளிப்பை இரண்டு திசையிலும் செருகும்படி வளைத்திருப்பதால், பையில் தலைகீழாகவும் மாட்டலாம், தொப்பியின் விளிம்பில் முன்பக்கம் பார்த்தபடியும் மாட்டலாம். இரண்டு கையும் வேண்டியிருக்கும் வேலைக்கு, உதாரணமாக மோட்டார் ரூமில் ஃபியூஸ் மாற்றும்போது, தொப்பியில் மாட்டுவது மிகவும் வசதி. நீர்த் தடுப்பு ஐபிஎக்ஸ்8 தரம். மழைக்கு யோசிக்க வேண்டியதில்லை.

பொத்தான் பின்பக்கம் இருக்கிறது. முழுவதும் அமுக்கும் முன்னரே, லேசாகத் தொட்டு அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். சாவித் துவாரத்தைப் பார்க்கவும் படியில் ஒரு எட்டு எடுத்து வைக்கவும் அந்தத் தொடுதலே போதும். 'டக்'கென்று சத்தம் வரும்வரை அமுக்கினால் நின்று எரியும். வெளிச்சம் இரண்டே நிலை: 5 லூமென், 180 லூமென். எப்போது எரித்தாலும் முதலில் வருவது 5. உடனே அணைத்து மறுபடி எரித்தால் 180. மினுக்கும் ஸ்ட்ரோப் கிடையாது, நீண்ட அழுத்தம், மூன்று தட்டு என்ற மனப்பாடமும் கிடையாது. வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் கையில் கொடுத்தால் விளக்கம் கேட்காமல் பயன்படுத்துவார். இதை நான் பெரிய தகுதியாக மதிக்கிறேன்.

குறைந்த வெளிச்சம் முதலில் வருவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இருட்டில் நம் கண் வேலை செய்யும் விதம் அப்படி. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நள்ளிரவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர் முகத்துக்கு நேரே, வெள்ளைச் சுவரில் பட்டு 180 லூமென் திரும்பி வந்தால், அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். விளக்கை அணைத்த பிறகு ஒன்றுமே தெரியாது. வயதானவர்கள் தடுமாறுவது அப்போதுதான். 5 லூமெனில் தரை தெரியும், வாசற்படி தெரியும், பக்கத்தில் தூங்கும் குழந்தை புரண்டு படுக்காது.

எண்ணில் பார்த்தால் 180 என்பது 5-ஐப்போல 36 மடங்கு. ஆனால் கண் வெளிச்சத்தை அப்படிக் கணக்கெடுப்பதில்லை. அளவு பல மடங்கு ஏறினாலும் உணர்வு மெதுவாகத்தான் ஏறும். 36 மடங்கு ஒளி கண்ணுக்கு மூன்று மடங்கைச் சற்றுத் தாண்டியதாகவே தோன்றும். செல் மட்டும் அந்த 36 மடங்குக்கும் விலை கொடுக்கிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் விளம்பரத்தில் வரும் பெரிய லூமென் எண்களின் மேல் மயக்கம் போய்விடும்.

நம் வீடுகளில் முன்பு இருந்த பித்தளை டார்ச்சை நினைத்துப் பாருங்கள். இரண்டு பெரிய கட்டை போட்ட அந்த விளக்கின் குண்டு பல்பு தந்தது ஏறத்தாழ 10 லூமென்தான். அதை வைத்துக்கொண்டுதான் வரப்பில் நடந்தார்கள், இரவில் மடை பார்த்தார்கள். பின்னால் இருந்த பளபளப்பான குழிவுக் கண்ணாடி அந்தச் சின்ன ஒளியை ஒரே இடத்தில் குவித்ததால் அது தூரம் போனது. அதனால் 5 லூமென் என்றதும் மின்மினி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஐ3டியில் குழிவுக் கண்ணாடி இல்லை. எல்இடிக்கு முன்னால் ஒரே துண்டான ஒளிவில்லை இருக்கிறது. உள்ளேயே ஒளி முழுமையாகப் பிரதிபலித்து முன்பக்கம் திரும்புகிறது. இதனால் நடுவில் கண்ணைக் குத்தும் புள்ளியும் சுற்றி வளையங்களும் இல்லாமல், ஓரம் மெதுவாகக் கரையும் வட்டம் கிடைக்கிறது. கைக்கெட்டும் தூரத்து வேலைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. தூரத்துக்கு இது ஆகாது. அட்டையில் 60 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அது பொய்யில்லை, ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 2009-இல் வந்த அமெரிக்க எஃப்எல்1 தரத்தின்படி, ஒளியின் அளவு 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும் உள்ள தூரத்தைத்தான் எட்டும் தூரம் என்று எழுதுவார்கள். 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட முழு நிலா வெளிச்சம். அறுபது மீட்டரில் ஆள் நிற்பதை ஊகிக்கலாம், யார் என்று தெரியாது. என் கண்ணுக்கு இது தெளிவாகப் பயன்படுவது அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்வரை.

வயல் ஓரத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள், கொல்லைப்புறக் குளியலறைக்குப் போகும் வழியில் என்றால் காலுக்கு முன் நாலடி தெரிந்தால் போதும், குறைந்த வெளிச்சமே அதைச் செய்துவிடும். புல் மண்டிய பாதையில் இறங்கும்போது தயங்காமல் 180-க்குப் போய்விடுங்கள்.

அந்த 180 அதிக நேரம் நிற்காது. அரை மணி நேரத்துக்குள்ளேயே சரியத் தொடங்கிவிடும். இதைக் குறை என்று சொல்வதைவிட, ஒரு டிரிபிள் ஏ செல்லுக்குள் அவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்வதே சரி. வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், செல் தருவது 1.5. உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று வோல்ட்டை உயர்த்துகிறது. அதற்காகச் செல்லிலிருந்து ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. சின்னச் செல்லுக்கு அது பெரும் சுமை. 5 லூமெனில் அந்தச் சுமை இல்லை. நிறுவனம் சொல்லும் அளவு 16 மணி நேரம். ஒரு ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் வரும்.

எந்தச் செல் போடுகிறீர்கள் என்பதில்தான் இந்த விளக்கின் பாதி குணம் இருக்கிறது. பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கார்பன்–துத்தநாகச் செல் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் ஏற்றது. அதைப் போட்டு 180-இல் எரித்தால், உள்தடை அதிகம் என்பதால் வெளிச்சம் சீக்கிரமே துவண்டுவிடும். குறைந்த வெளிச்சத்துக்கு அதே செல் தாராளமாகப் போதும். அல்கலைன் செல் உயர்ந்த வெளிச்சத்தையும் தாங்கும், ஆனால் அதற்கு வேறொரு கெட்ட குணம் உண்டு. தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் உள்ளேயே விட்டுவிட்டால் பூத்துப்போகும். கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாக உறைந்து, செல்லைக் குழாய்க்குள் ஒட்ட வைத்துவிடும். இவ்வளவு ஒடுக்கமான குழாயில் அப்படி ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. எத்தனையோ நல்ல டார்ச்சுகள் குப்பைக்குப் போனது பல்பு போனதால் இல்லை, இப்படிப் பூத்துப்போனதால்தான்.

என் தேர்வு, சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு செல். முந்தைய காலத்து நிக்கல் செல்கள் சும்மா வைத்தாலே சில வாரங்களில் வடிந்துவிடும். 2005-இல் சான்யோ எனெலூப் வந்த பிறகு அந்தக் குறை நீங்கியது. சார்ஜ் செய்து மாதக்கணக்கில் வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அச்சிட்டிருப்பது 1.2 வோல்ட் என்றாலும் சுமையில் தளராமல் நிற்கிறது, 180 லூமென் இதில்தான் நன்றாக வருகிறது. ஒரு சார்ஜரும் நாலு செல்லும் வாங்கினால், விளக்கு, ரிமோட், கடிகாரம் எல்லாவற்றுக்கும் ஆயிற்று.

விளக்கிலேயே யுஎஸ்பி சார்ஜ் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். இல்லாததையே நான் விரும்புகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, டெல்டா ஊர்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாட்களில் எந்தச் செல் கையில் கிடைத்தாலும் எரிகிற விளக்குதான் உதவும். கடைசிக்கு ரிமோட்டைத் திறந்து அதிலிருக்கும் செல்லை எடுத்துப் போடலாம்.

போனில்தான் டார்ச் இருக்கிறதே என்பவர்களுக்கும் அதே நாட்களைத்தான் காட்டுவேன். அப்போது போனில் மிஞ்சும் சார்ஜ் ஒருவரைக் கூப்பிடவும் ஒரு செய்தி அனுப்பவும் வேண்டும். அதை விளக்காக எரித்துத் தீர்க்கக் கூடாது. சாதாரண நாளிலும், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது போனை வாயில் கவ்வ முடியாது. இந்த விளக்கைக் கவ்வலாம். மின்வெட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் தலை மேலே பார்க்கும்படி நிறுத்தி, 180-இல் வைத்தால், கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் இறங்கும். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட அது போதும்.

எனக்கு நிறைவு தராதது இதன் நிறம். இதில் இருப்பது குளிர்ந்த வெள்ளை ஒளி. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளிரும் பொடி பூசியது. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பொடிக் கலவை எளிமையாக இருந்தால் ஒளியில் சிவப்புப் பகுதி குறைந்துபோகும். விளைவை வீட்டிலேயே பார்க்கலாம். குங்குமம் மங்கிய பழுப்பாகத் தெரியும், தக்காளி பழுத்ததா என்று சொல்ல முடியாது. மீட்டர் பெட்டிக்குள் பழைய சிவப்பு ஒயரையும் பழுப்பு ஒயரையும் பிரித்துப் பார்க்கும்போது இது விளையாட்டு விஷயம் இல்லை. காயத்தைப் பார்க்கும்போதும் அப்படியே. நிறக் காட்டல் குறியீடு 90-க்கு மேல் உள்ள, நிச்சியா 519ஏ போன்ற எல்இடி பொருத்திய சின்ன விளக்குகள் இன்று கிடைக்கின்றன. அவற்றின் வெளிச்சத்தில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தால் வித்தியாசத்தை மறக்க முடியாது. மின்வேலை செய்பவர்களும் செவிலியர்களும் அந்த வகையைத் தேடுவது நல்லது. ஓலைட் இதே உடலில் அப்படி ஒரு எல்இடியைப் போட்டால் நான் மறுபடி வாங்குவேன்.

விலை அமெரிக்காவில் 20 டாலரை ஒட்டி. இங்கே இறக்குமதியாகி வரும்போது கூடுதலாகும். அதில் கால்வாசிக்கு "10,000 லூமென்" என்று அச்சிட்ட டார்ச் கிடைக்கிறதே என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் தரும். பத்தாயிரத்துக்கு எழுபது வாட்டாவது வேண்டும். மூன்று டிரிபிள் ஏ செல்லிலிருந்து ஒரே நேரத்தில் இழுக்க முடிவது நாலைந்து வாட். அந்த எண் வெறும் அச்சு.

தினமும் இரவில் மடை பார்க்கப் போகிறவர், தோப்புக் காவல் இருப்பவர், மலையேறுபவர் ஐ3டியை நம்பிப் போகக் கூடாது. அவர்களுக்கு 18650 லித்தியம் செல் போடும், குழிவுக் கண்ணாடி வைத்த விளக்கு வேண்டும். அந்தச் செல்லை வாங்கும்போது மேலே 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள். அந்த அளவு செல்லில் நல்ல தயாரிப்பாளர்கள் தருவது பொதுவாக 3,500-ஐ ஒட்டித்தான்.