முதல் அரைச் சுற்று

அந்தமானின் ஷாதிபூரில் சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டின் பெயரை எடுத்தால், "சுனாமியில மரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிச்சுதே, அந்தப் பொண்ணா?" என்றுதான் கேட்பார்கள். அதே பெண்தான். கார் நிகோபார்க்காரர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடித்து உயிர் மீண்டவர். அந்த நாளைப் பற்றி இந்தத் தீவுகளில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டெபோராவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த மரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இறங்கி வந்த பிறகு அந்தப் பெண் என்ன கற்றார், அதை எவ்வளவு நுட்பமாகக் கற்றார் என்பதைப் பேச ஆள் இல்லை. எனக்கு அதுதான் ஆதங்கம். அந்த வித்தையைக் கொஞ்சம் ரசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சைக்கிளையும் பெண்ணையும் சேர்த்துச் சொன்னால் தமிழ் வாசகருக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் பெயரும் அதோடு சேர்ந்தே நிற்கிறது. தண்ணீர்க் குடமும் பின்னால் பிள்ளையும் ஏறிய சைக்கிள் அது. டெபோராவின் சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது, மணி கிடையாது, பிரேக்கே கிடையாது. ஒரே ஒரு கியர். பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நடுவே காலை ஓய்வாக வைக்க முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானாலும் காலால்தான் குறைக்க வேண்டும்.

இந்த சைக்கிள் ஓடும் இடம் வெலோட்ரோம். டெல்லியில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்டது, மரப்பலகை பதித்த 250 மீட்டர் ட்ராக். இத்தகைய ட்ராக்குகளில் வளைவுகள் 40 டிகிரிக்கும் மேலாகச் சாய்ந்து நிற்கும். முதல்முறை பார்ப்பவருக்கு அது பாதையாகத் தெரியாது, சுவராகத்தான் தெரியும். மெதுவாகப் போனால் டயர் வழுக்கிக் கீழே விழ வேண்டியதுதான். வேகமாகப் போகிறவரைத்தான் அந்தச் சுவர் தாங்கும்.

டெபோராவின் பெயரை உலகப் பட்டியலில் ஏற்றிய பந்தயம் 500 மீட்டர் டைம் ட்ரையல். இரண்டே சுற்று. எதிராளியோடு உரசல் இல்லை, தந்திரம் இல்லை, பின்னால் ஒளிந்துகொண்டு காற்றைத் தவிர்க்க முன்னால் ஆள் இல்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்பி 500 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி என்பது மட்டுமே கணக்கு. கேட்பதற்குத் தட்டையான பந்தயம் போலிருக்கும். எனக்கோ ட்ராக் சைக்கிளிங்கில் இதைவிட அழகான காட்சி இல்லை.

அழகெல்லாம் கிளம்பும் கணத்தில் இருக்கிறது. பின்சக்கரத்தை ஸ்டார்ட் கேட் கவ்விப் பிடித்திருக்கும். கடிகாரம் இறங்கு எண்ணிக்கையில் ஓடும். கடைசி ஐந்து விநாடிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி. ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்து நிற்பார். இன்னும் ஒரு விநாடி இருக்கும்போது உடம்பு முழுக்கப் பின்னால் போகும், இடுப்பு சக்கரத்துக்கு மேலே தொங்கும். கேட் விடுபடும் அதே நொடியில் அந்த உடம்பு முழுவதும் முன்னால் பாய வேண்டும். சற்று முந்தினால் பூட்டிய சக்கரத்தில் முட்டி வேகம் வீணாகும். சற்றுப் பிந்தினால் அந்தப் பத்தில் ஒரு விநாடி பிறகு எங்குமே கிடைக்காது. சேற்றில் இறங்கிய பார வண்டியை மாடு கழுத்தைத் தாழ்த்திக் கிளப்பும் அந்த முதல் இழுப்பைப் பார்த்தவர்களுக்கு, முதல் இரண்டு பெடல் மிதி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைகள் ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுக்கும், கால்கள் கீழ்நோக்கி அழுத்தும், நடுவில் இடுப்பும் முதுகும் இறுகி நிற்கும். சைக்கிள் இடமும் வலமும் அலைந்தால் பலம் சிந்துகிறது என்று பொருள். நல்ல ஓட்டத்தில் முன்சக்கரம் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராக நகரும். அளவுக் கோடு அதுதான். அதைவிட்டு மேலே ஏறினால் 500 மீட்டருக்கும் அதிகமாக ஓட்ட வேண்டியிருக்கும்.

உலகத் தரத்தில் முதல் சுற்றுக்கு ஏறக்குறைய 19 விநாடி. இரண்டாம் சுற்றுக்கு 15 விநாடிக்கும் குறைவு. இந்த வித்தியாசத்துக்குள்தான் கியர் என்ற பெரிய சூதாட்டம் இருக்கிறது. கனமான கியரைப் போட்டால் கிளம்புவதற்குள் கால் நடுங்கிவிடும், ஆனால் வேகம் ஏறிய பிறகு இரண்டாம் சுற்றில் அது பறக்கும். லேசான கியரில் சிட்டாகக் கிளம்பலாம், கடைசி நூறு மீட்டரில் கால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சைக்கிள் அதற்கு மேல் போகாது. பந்தயத்தின் நடுவில் மாற்ற வழியில்லை. தன் உடம்பின் பலம் எது, பலவீனம் எது என்று உண்மையாகத் தெரிந்தவர்தான் கியரின் சரியான பல் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க முடியும். கடைசி அரைச் சுற்றில் தொடையில் தீப்பிடிக்கும். அப்போதும் தோள் அசையாமல், தலை தாழ்ந்தபடி, முழங்கை ஒடுங்கியபடி ஒருவர் ஓட்டினால் அவர் தேர்ந்த கலைஞர்.

இந்த வித்தையை டெபோரா கற்கத் தொடங்கியது போர்ட் பிளேயரில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில். 2024இல் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், ஷாதிபூர் அதன் ஒரு பகுதி. கார் நிகோபார் தட்டையான தீவு. இங்கேயோ தெருவெல்லாம் மேடும் சரிவும். தொடைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா என்று நான் நினைப்பதுண்டு. பிறகு அவர் டெல்லி மரப்பலகைக்குப் போனார். 2014இல் அங்கே நடந்த ட்ராக் ஆசியக் கோப்பையில் 500 மீட்டரில் தங்கம். 2015இல் தைவான் கோப்பையில் பதக்கங்கள். அந்த ஆண்டு இறுதியில் சர்வதேச சைக்கிளிங் சங்கத்தின் தரவரிசையில் 500 மீட்டர் பிரிவில் நான்காம் இடம். இந்திய சைக்கிள் வீரர் எவரும், ஆணானாலும் பெண்ணானாலும், அதற்கு முன் அவ்வளவு மேலே போனதில்லை.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தரவரிசை புள்ளிகளால் ஆனது. பந்தயம் பந்தயமாகப் போய், ஒவ்வொன்றிலும் இடம் பிடித்துச் சேர்த்த புள்ளிகள். உலகில் நான்காவது வேகமானவர் என்று அதற்குப் பொருள் இல்லை. இதனால் அவர் பெருமை குறைவதாக நான் நினைக்கவில்லை. ஒருமுறை மின்னலாய் ஓடிவிடுவது எளிது. ஊர் ஊராகப் போய், வெவ்வேறு ட்ராக்கில், அந்தக் கேட்டுக்கு முன் மீண்டும் மீண்டும் நின்று, தன் ஆட்டத்தைக் கெடாமல் கொடுப்பது வேறு விதமான திறமை. இருபது வயதில் அது அவரிடம் இருந்தது. 2017இல் டெல்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் அலீனா ரெஜியுடன் சேர்ந்து டீம் ஸ்பிரிண்ட் வெண்கலம் வென்றார். அப்போது பெண்களுக்கு அது இருவர் ஓடும் பந்தயம். முதலாமவர் ஒரு சுற்று இழுத்துவிட்டு விலக, பின்னால் ஒட்டி வந்தவர் அடுத்த சுற்றை முடிப்பார். அங்கும் உயிர்நாடி அதே கிளம்பல்தான்.

2018 காமன்வெல்த் போட்டியில் அவர் ஓட்டிய ட்ராக்குக்கு அன்னா மியர்ஸ் வெலோட்ரோம் என்று பெயர். பிரிஸ்பேனில் இருக்கிறது. அந்த மியர்ஸ் யார் என்றால், 2004 ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இதே 500 மீட்டரை 33.952 விநாடியில் கடந்து, 34 விநாடிக்குள் ஓடிய முதல் பெண்ணாகத் தங்கம் வென்ற ஆஸ்திரேலியர். ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் அதுவே கடைசி. அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்த முடிவு தவறு என்றே இன்றும் சொல்வேன். டெபோரா உச்சத்துக்கு வந்தபோது, அவருடைய சிறந்த பந்தயத்துக்கு ஒலிம்பிக் கதவு மூடிப் பத்தாண்டு தாண்டியிருந்தது. ஒலிம்பிக் போக வேண்டுமானால் ஸ்பிரிண்ட், கெய்ரின் போன்ற வேறு பந்தயங்கள்தான். அவற்றில் காலோடு சேர்ந்து எதிராளியின் மனதைப் படிக்கும் கண்ணும் வேண்டும். அந்தக் கண் பழக ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வாரந்தோறும் பந்தயம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆனாலும் அவருக்குப் பின்னால் இந்தத் தீவுகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நிகோபார்ப் பையன் ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்க்லில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் கெய்ரினில் வெள்ளி வென்றான். உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சைக்கிளிங் பதக்கம் அது. தங்கம் நழுவியது 0.017 விநாடியில். அடுத்த ஆண்டு ஜூனியர் டீம் ஸ்பிரிண்டில் தங்கமே வந்தது, அந்த அணியிலும் ஈசோ இருந்தான். இந்தத் தீவுகளிலிருந்து கிளம்பி உலகப் பட்டியலில் ஏறலாம் என்று முதலில் காட்டியவர் டெபோரா.

2025 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களின் டைம் ட்ரையலும் ஆண்களைப் போல 1 கிலோமீட்டராகிவிட்டது. சமமான தூரம், நியாயமான மாற்றம். கிளம்பும் கலை எங்கும் போய்விடவில்லை. தேசிய ட்ராக் போட்டி டெல்லியிலோ சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரிலோ நடக்கும்போது ஒரு நாள் போய்ப் பாருங்கள். பதக்க மேடைக்குப் பக்கத்தில் இடம் தேட வேண்டாம். ஸ்டார்ட் கேட்டுக்கு நேர் எதிரே உட்காருங்கள், முதல் அரைச் சுற்று முடியும்வரை கண்ணை எடுக்காதீர்கள்.