ஐந்து சைக்கிள், ஒரு மூடிய குட்டி யானை

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏற ஆசைப்படும் சென்னைக்காரருக்கு முதல் கவலை, சைக்கிளை அங்கே எப்படிக் கொண்டுபோவது என்பதுதான். காரின் பின்னால் மாட்டும் ரேக்கில் பெரும்பாலும் மூன்றுக்கு மேல் ஏறாது; வழியில் டீ குடிக்க இறங்கினாலும் ஒருவர் காவல் நிற்க வேண்டும். ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் எந்தப் பெட்டிக்கு அடியில் எது நசுங்கும் என்று சொல்ல முடியாது. மேலை நாடுகளில் காருக்குப் பின்னால் மூடிய டிரெய்லரைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கும் லஸ் முனையில் அப்படி ஒன்றைத் திருப்புவது நடக்கிற காரியம் இல்லை.

இங்கே அந்த வேலைக்குக் குட்டி யானைதான் சரி. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு தெருவுக்குத் தெரு கிடைக்கும் வண்டி அது. கன்டெய்னர் பாடி கட்டிய ஒன்றை மந்தைவெளியிலிருந்து ஏலகிரிக்கு வாடகைக்குப் பேசி, ஐந்து ரோடு சைக்கிள்களை ஏற்றிப் பார்த்தோம்.

"படுக்கப் போட்டு நடுவுல போர்வை விரிச்சா போதும் சார், பீரோவே அப்படித்தான் ஏத்துறோம்" என்றார் ஓட்டுநர். பீரோவுக்குச் சரி. சைக்கிளில் பின் கியரை மாற்றும் ஆர்.டி., ஒரு மெல்லிய அலுமினியத் துண்டில் தொங்குகிறது. அடி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்கட்டும் என்றே அந்தத் துண்டை இளக்கமாகச் செய்கிறார்கள். செயின் உள்ள வலது பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்து, அதன்மேல் இன்னொரு சைக்கிளையும் ஏற்றினால், சாலையின் முதல் பள்ளத்திலேயே அந்தத் துண்டு கொஞ்சம் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மலையில் லேசான கியருக்கு மாற்றும்போதுதான் செயின் ஸ்போக்கில் போய் மாட்டும்.

அதனால் சைக்கிள்கள் நின்றபடிதான் வர வேண்டும். வாடகை வண்டியின் தகட்டில் துளை போட முடியாது. 6 அடிக்கு 4 அடி, 19 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை வாங்கினோம். பழைய இரும்பு முன் ஹப்களை வெல்டிங் பட்டறையில் ஆங்கிளோடு சேர்த்து ஒட்டி, பலகையில் போல்ட் போட்டோம். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கை அந்த 100 மி.மீ. ஹப்பில் உட்காரவைத்து நட்டை முறுக்கினால் சைக்கிள் அசையாது. த்ரூ ஆக்சில் ஃபோர்க்குக்கு மட்டும் தனி அடாப்டர் வேண்டும். ஒன்றின் முகம் கேபினைப் பார்த்தால் அடுத்தது கதவைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஹேண்டில்பார்கள் ஒன்றையொன்று இடிக்காது. பலகைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே ரீப்பர் கட்டைகளை அடைத்தோம். பெல்ட்டை சீட் போஸ்டில்தான் போட வேண்டும். கார்பன் ஃபிரேமின் மேல் குழாயில் ராட்செட் பெல்ட்டை இறுக்குவது அந்தக் குழாயை உடைக்கிற வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் அடையாறு எல்.பி. ரோட்டில் சோதனை ஓட்டம் விட்டபோது பின்புறம் தூக்கித் தூக்கிப் போட்டது. சரக்கு வண்டி எதுவானாலும் அதன் லீஃப் ஸ்பிரிங் பாரத்துக்காக அமைத்தது. முக்கால் டன்னை எதிர்பார்த்து நிற்கும் ஸ்பிரிங்மேல் 60 கிலோவுக்கு ஐந்து சைக்கிளை ஏற்றினால் அது அழுந்தவே அழுந்தாது. பள்ளத்தின் அடி முழுவதும் நேரே மேலே வரும். இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத இடம் இதுதான். பாரம் குறைவாக இருப்பது சைக்கிளுக்கு நல்லதில்லை. பலகையைக் கேபின் பக்கமாக ஒட்டித் தள்ளிவிட்டு, பின் அச்சுக்கு மேலே 20 லிட்டர் தண்ணி கேன்களை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டினோம். குலுக்கல் நன்றாகவே குறைந்தது. மலையில் குடிக்கவும் தண்ணீர் ஆச்சு.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் பேட்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது லீவரைப் பிடித்ததும் பேட்கள் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் திரும்ப உள்ளே போகாது. டயர்களில் காற்றை 60 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடலாம். 30 டிகிரியில் 100 அடித்த டயர், மூடிய பெட்டிக்குள் 60 டிகிரி சூட்டில் 110-ஐத் தாண்டும். மே மாத வேலூர் வெயிலில் தகரப் பெட்டி அவ்வளவு சூடாவது சாதாரணம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாததே பெரிய பலம். ஆனாலும் கதவின் பூட்டை மட்டும் நம்பக் கூடாது. ஐந்து ஃபிரேம்களிலும் ஒரே சங்கிலியைக் கோத்து உள்கொக்கியில் பூட்டினோம். சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பின்கதவு சுவரை ஒட்டியிருக்கும்படி ஓட்டுநரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். பூட்டை உடைத்தாலும் கதவு திறக்காது. ஏற்றுவதற்கு முன் கதவின் ரப்பரையும் தடவிப் பாருங்கள். எங்களுக்கு வந்த வண்டியில் கீழ் ரப்பர் கிழிந்திருந்தது. ஆம்பூருக்கு அருகே பெய்த மழையில் பலகையின் ஓரம் நனைந்தது.

ஆட்கள் பின்னால் ஏறவே கூடாது. சட்டமும் இடம் தராது, காற்றும் கிடையாது. ஒருவர் ஓட்டுநரோடு போகட்டும். மற்றவர்கள் சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம்.

நான்கைந்து பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் கட்டுப்படியாகும். இரண்டே பேர் என்றால் கார் ரேக்கே போதும். அகல ஹேண்டில் உள்ள எம்.டி.பி.க்காரர்கள் ஒரு வண்டியில் மூன்றுக்கு மேல் திட்டமிட வேண்டாம்.