தட்டில் வளரும் ஈரல் கலங்கள்

இலங்கையின் கடைசி உள்நாட்டு மலேரியா நோயாளி 2012 இல் பதிவானார். ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு போய்விடவில்லை. அந்த நுளம்பான அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் மட்டக்களப்பு மாவட்டத்தின் உவர்நீரிலும் வளர்வதை 2010 இல் ஓர் ஆய்வு காட்டியது. நுளம்பு இருக்கும்வரை நோய் மீளலாம்; அதனால்தான் மலேரியாக் கிருமியின் ஈரல் கட்டத்தை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கைவேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நுணுக்குக்காட்டியின் கீழ் நுளம்பின் தலையை ஊசியால் மெல்ல இழுக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் கூடவே வரும், கண்ணாடிபோல் தெளிவாக. அவற்றை நசுக்கி, வெளிவரும் கிருமிகளை மனித ஈரல் கலங்களின் மேல் விடுவார்கள். ஈரல் கலமோ இலேசில் வசப்படாது. தனியே வளர்த்தால் சில நாட்களில் தன் குணத்தை இழந்துவிடும். எம்.ஐ.டி.யில் சங்கீதா பாட்டியாவின் குழு அக்கலங்களைத் தட்டொன்றில் சிறு தீவுகளாக அமைத்து, சுற்றிவர எலியின் நார்க்கலங்களை நிரப்பியது. 2013 இல் அந்தத் தட்டில் மலேரியாக் கிருமி வகைகளான ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் வளர்ந்தன. எத்தனை பொறுமை வேண்டும்!

வைவாக்ஸ்தான் கடினம். அதன் இரத்தக் கட்டத்தைத் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. பெரும்பாலும் நோயாளியின் இரத்தத்தை நுளம்புக்கு ஊட்டித்தான் தொடங்க வேண்டும். தட்டில் சில கிருமிகள் ஒரு வாரத்தில் ஊதிப் பெருக்கும். பக்கத்திலேயே ஒற்றைக் கருவோடு சிறு புள்ளியாகச் சில உறங்கும். மாதங்கள் கழித்துக் காய்ச்சலை மீளக் கொண்டுவருபவை இவைதான். பிரிமாகுயின் மருந்தை வழக்கமாக 14 நாள் விழுங்க வைப்பதும் இவற்றுக்காகவே.