வெள்ளைச் சேலையும் ஒரு லட்சமும்

திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி இரவென்றால் கூட்டம் தாங்காது. நள்ளிரவு ஜோதிக்குக் காத்திருக்கையில் ஒலிபெருக்கியில் கே.பி. சுந்தராம்பாள் குரல் வந்தால் என் சின்னம்மா கண்ணை மூடிக்கொள்வார். முப்பது வயதில் கணவரை இழந்தவர். "அந்தம்மாவைப் பாரு, புருஷன் போனதும் வெள்ளையக் கட்டிக்கிட்டு எப்படி வைராக்கியமா இருந்துச்சு" என்று வீட்டில் அவருக்கு ஓயாமல் காட்டப்பட்ட உதாரணமும் சுந்தராம்பாள்தான்.

1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. கடைசிக் காலத்தில் இவர்களுக்குள் பிரிவும் இருந்தது. இதையெல்லாம் கழித்துவிட்டு வெள்ளைச் சேலையை மட்டும் நம் வீடுகள் வைத்துக்கொண்டன. இனி ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்த அவர், 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாகவே நடித்தார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். சுந்தராம்பாளின் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1951இல் சென்னை மாகாண மேலவைக்கும் போனார். மூலையில் உட்கார்ந்த விதவை எங்கே இருக்கிறாள் இதில்?

அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள்: மணிமேகலை, ஔவையார் (1953), 'பூம்புகார்' (1964) படத்தின் கவுந்தியடிகள். எல்லோரும் கல்யாணத்துக்கு வெளியே நிற்பவர்கள். அதிலும் ஔவை, மணம் வேண்டாமென்று முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றதாகச் சொல்லப்படுபவள். இதை விடுதலை என்று முழுசாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. உடம்பைக் கிழவியாக்கி, துறவியாக்கித்தான் அந்தக் குரலைச் சினிமா அனுமதித்தது. காதலிக்கிற, கோபித்துக்கொள்கிற நடுவயதுப் பெண்ணாக அவரை நாம் பார்க்கவே இல்லை.

ஆனால் குரல் அந்த வேடங்களுக்குள் அடங்கவில்லை. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடிப் பழகியது அது. உச்சத்தில் நிற்கும்போது முருகனையே அதட்டுவதுபோல் இருக்கும். பக்தி என்றால் கெஞ்சல் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

போன பௌர்ணமிக்குச் சின்னம்மாவிடம் அந்தச் சம்பளத்தைச் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"லட்சமா? அந்தக் காலத்துலயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளைச் சேலைய மட்டும் சொன்னாங்களே, இத ஏண்டி யாரும் எங்கிட்ட சொல்லல?"