கியாம்பி போன பிறகு: மணிபால் போடாத கணக்கு

884, 800. இந்த இரண்டு எண்களை முதலில் மனசில் வச்சுக்குங்க. ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி 2001 சீசனில் எடுத்த ரன் 884. 2002 இல் எடுத்தது 800. நடுவில் இருந்த குளிர்காலத்தில் அந்த அணி யாரை இழந்தது, யாரை வாங்கியது என்பதுதான் மைக்கேல் லூயிஸ் 2003 இல் எழுதிய 'மணிபால்' புத்தகத்துக்கும், 2011 இல் பிராட் பிட் நடித்து வந்த படத்துக்கும் அடிப்படை. மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் போனார்கள், அவர்கள் இடத்தில் யாரும் சீண்டாத மலிவான ஆட்கள் வந்தார்கள், கணக்கு வென்றது. படம் பார்த்துவிட்டு வரும் யாரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த மாற்று ஏற்பாட்டுக்குப் பிறகு அணியின் ரன் 84 குறைந்தது. அந்த ஆண்டு லீக் முழுக்கவே ரன் சற்றுக் குறைவுதான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பேஸ்பாலில் ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது, எல்லா அணிக்கும் ஒரே பணப்பை என்ற விதியும் கிடையாது. ஒரு ஆட்டக்காரர் பெரிய லீக்கில் ஆறு ஆண்டு ஆடி முடிக்கும்வரை அவரைக் கொண்டுவந்த அணியின் கையில்தான் இருப்பார். அதில் முதல் இரண்டு மூன்று ஆண்டு அணி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆறு ஆண்டு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். அதற்கு மேல் யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். 2001 இல் 102 ஆட்டம் ஜெயித்த ஓக்லண்ட், பிளேஆஃப் முதல் சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் 3-2 என்று தோற்றது. சீசன் முடிந்ததும் ஜேசன் கியாம்பி ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலர் என்று அதே யாங்கீஸுக்குப் போனார். ஜானி டேமன் நான்கு ஆண்டுக்கு 3.1 கோடி டாலருக்கு பாஸ்டன் போனார். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் க்ளோசர் ஜேசன் இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸ் போனார். ஓக்லண்ட் அணியின் ஒரு வருட மொத்தச் சம்பளமே சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸ் அதைப்போல மூன்று மடங்கு.

இனி அந்தப் பிரபலமான காட்சி. பொது மேலாளர் பில்லி பீன் கிழட்டு சாரணர்களை உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறார்: கியாம்பி மாதிரி இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார், ஆனால் மூன்று இடத்தையும் சேர்த்துச் சராசரியாக மீட்கலாம். அளவுகோல் ஆன்-பேஸ் சதவீதம், அதாவது மட்டையோடு வந்த தடவைகளில் எத்தனை தடவை அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தார் என்பது. கியாம்பி .477. டேமன் .324. டெசிக்னேட்டட் ஹிட்டராக ஆடிய ஓல்மெடோ சாயன்ஸ் .291. மூன்றின் சராசரி .364. ஆக .364 தரக்கூடிய மூன்று பேர் கிடைத்தால் போதும். ஸ்காட் ஹாட்டபர்க், டேவிட் ஜஸ்டிஸ், ஜெரமி கியாம்பி.

இதில் என்னை முதலில் உறுத்துவது மூன்றாவது பெயர். ஜேசனின் தம்பி ஜெரமி கியாம்பி புதிதாக வந்தவரே இல்லை. 2001 இல் அதே ஓக்லண்டில்தான் இருந்தார். யாங்கீஸோடு நடந்த அந்த பிளேஆஃபில் டெரெக் ஜீட்டர் ஓடிவந்து பந்தைத் திருப்பி எறிய, ஹோம் பிளேட்டில் சறுக்காமல் நின்றபடியே வந்து அவுட் ஆனாரே, அவரேதான். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாமானை எடுத்துக் கடையில் வாங்கியதாகக் கணக்கு எழுதுவது போலத்தான் இது. அவரும் 2002 மே மாதம் பிலடெல்பியாவுக்குக் கைமாறிப் போய்விட்டார். கீழாகக் கைவீசி எறியும் சாட் பிராட்ஃபோர்ட் கதையும் அப்படித்தான். படத்தில் அந்தக் குளிர்காலத்தின் கண்டுபிடிப்பாக வருகிறார், உண்மையில் 2000 டிசம்பரிலேயே அணிக்கு வந்தவர். ஜோனா ஹில் நடித்த கணக்குப்பிள்ளைப் பாத்திரம் 2001 தோல்விக்குப் பிறகு க்ளீவ்லாந்திலிருந்து தூக்கி வரப்படுகிறார். அந்தப் பாத்திரத்துக்கு மூலமான பால் டிபொடெஸ்டா (தன் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்) பல ஆண்டுகளாகவே ஓக்லண்டில் வேலை பார்த்தவர். 102 ஆட்டம் ஜெயித்த அணியும் அவர் இருக்கும்போது உருவானதுதான்.

சினிமாதானே, காலத்தை முன்னே பின்னே மாற்றத்தான் செய்வார்கள் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே பக்கம் சாய்கிறது பாருங்க: ஒரு குளிர்காலத்தில், ஒரே யோசனையால், சூன்யத்திலிருந்து ஒரு அணி கட்டப்பட்டது என்ற பக்கம்.

கணக்கின் உள்ளே வருவோம். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஆன்-பேஸ் கணிப்பு பலித்தது. 2002 இல் ஹாட்டபர்க் .374, ஜஸ்டிஸ் .376. இலக்கான .364 ஐ இருவரும் தாண்டினார்கள். முழங்கை நரம்பு பாதித்து, கேட்ச்சராக இனி பந்து எறிய முடியாது என்றாகி, பாஸ்டன் கைகழுவி, கொலராடோவும் ஒப்பந்தம் தராமல் விட்ட ஒருவரை முதல் பேஸில் நிறுத்தி இதைச் சாதித்தது சாதாரண விஷயம் இல்லை. அப்படியும் 84 ரன் ஏன் போச்சு? மூன்று பேரின் சராசரி என்ற தந்திரம் ஒன்றை மறைக்கிறது. கியாம்பியின் .477 க்குப் பின்னால் .660 ஸ்லக்கிங் இருந்தது, 38 ஹோம் ரன் இருந்தது. ஹாட்டபர்க்கின் ஸ்லக்கிங் .433, ஹோம் ரன் 15. பேஸ் சேர்வது ஒன்று, சேர்ந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. முதலாவதை மட்டும் சராசரி போட்டுவிட்டு 'கியாம்பியை மீட்டுவிட்டோம்' என்றால் பாதிக் கணக்குதான்.

அப்புறம் எப்படி 102 வெற்றி 103 ஆச்சு? பில் ஜேம்ஸின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிய தொகையால் வகுத்தால் ஏறத்தாழ வெற்றி விகிதம் வரும். 2001 இல் ஓக்லண்ட் கொடுத்த ரன் 645. போட்டுப் பார்த்தால் சுமார் 106 வெற்றி வர வேண்டும், வந்தது 102. 2002 இல் கொடுத்தது 654. சுமார் 97 வர வேண்டும், வந்தது 103. அதாவது அணி ஒன்பது ஆட்டம் அளவுக்குப் பலவீனப்பட்டிருக்கிறது. நெருக்கமான ஆட்டங்கள் சாதகமாக முடிந்ததால் அது வெளியே தெரியவில்லை. எண்களை நம்பு, கண்ணை நம்பாதே என்று சொல்லும் கதை, தன் சொந்த வெற்றியை மட்டும் கடைசி எண்ணிக்கையை வைத்தே அளந்துகொள்வது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கொடுத்த ரன் 654 என்பதை யார் சாதித்தார்கள்? இங்கேதான் என் உண்மையான புகார். பாரி ஜிட்டோ 23-5, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. மார்க் மல்டர் 19-7. டிம் ஹட்சன் 15-9. மூவரும் சேர்ந்து 57 வெற்றி, 675 இன்னிங்ஸ். அணி வீசிய இன்னிங்ஸில் கிட்டத்தட்ட பாதி. ஷார்ட்ஸ்டாப் மிகெல் தெஹாடா 34 ஹோம் ரன் அடித்து லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கினார். மூன்றாவது பேஸ் எரிக் சாவெஸும் 34. படத்தில் இந்த ஐந்து பேரும் ஓரமாக வந்து போவதோடு சரி. சாவெஸ், தெஹாடா, ஹட்சன் மூவரும் பீன் பதவிக்கு வருமுன், சாண்டி ஆல்டர்சன் காலத்திலேயே அணிக்குள் வந்தவர்கள். டொமினிகன் குடியரசில் தெஹாடாவைக் கண்டுபிடித்தது எந்தக் கணினியும் இல்லை, படம் கேலி செய்யும் அதே சாரணர் வர்க்கம்தான்.

இவர்கள் ஏன் படத்துக்கு உதவவில்லை என்று யோசித்தால் காரணம் தெரியும். இந்த மூன்று பிட்சரில் ஒருவருக்குக்கூட 2002 இல் பத்து லட்சம் டாலர் சம்பளம் இல்லை. ஆறு ஆண்டு விதி அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஓக்லண்டின் 'மலிவு' ஹாட்டபர்க்கைக் கண்டுபிடித்ததால் வந்த மலிவு மட்டும் அல்ல. சந்தையில் பல மடங்கு பெறக்கூடியவர்களுக்குச் சந்தைக்குப் போக உரிமை இல்லாததால் வந்த மலிவும்தான். முன்னதைச் சொன்னால் புத்திசாலித்தனத்தின் கதை. பின்னதைச் சொன்னால் கூலியின் கதையாகிவிடும். எனக்கு இரண்டும் சேர்ந்த கதை வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறாய் என்று கேட்கலாம். சில வருடம் முன்னால் ஒரு மேலாண்மைப் பயிற்சி வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். போனவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் செய்த வேலையை மூன்று துண்டாக்கி மூன்று மலிவான ஆட்களிடம் கொடுக்கலாம், இதுதான் பாடம் என்றார் நடத்தியவர். அறையில் தலைகள் ஆடின. அந்த வருடம் இரண்டு பேர் வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் மட்டும் எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓக்லண்டில் அந்தத் துண்டாக்கல் 84 ரன் குறைவாகத்தான் தந்தது. மீதியைச் சுமந்தது ஏற்கெனவே இருந்து, குறைந்த கூலியில் ஆடியவர்கள். பாடமாக எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதையும் சேர்த்தல்லவா எடுக்கணும்?

பீன் செய்த நல்ல வேலை படம் காட்டாத இடத்தில் இருக்கிறது. இஸ்ரிங்ஹாசன் போன இடத்துக்கு டொரொன்டோவிலிருந்து பில்லி காக்கை வாங்கினார். காக் 2002 இல் 44 சேவ். சீசன் முடிந்ததும் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டு கீத் ஃபோக்கை வாங்கினார். ஃபோக் 2003 இல் 43 சேவ். க்ளோசருக்கு நீண்ட ஒப்பந்தம் தராதே, செய்து விற்றுவிடு என்பது அவர் வழி. இதற்கு விலை இல்லாமல் இல்லை. காக்குக்காக டொரொன்டோவுக்குக் கொடுத்த எரிக் ஹின்ஸ்கி அந்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்.

டேமன் விஷயம் இன்னும் அழகு. 2001 ஜனவரியில் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு கைமாற்றில் அவரை வாங்கியபோது கூடவே வந்தவர்கள் கோரி லிடில், மார்க் எல்லிஸ். டேமன் ஒரே வருடத்தில் போய்விட்டார். லிடில் 2002 இலும் வீசினார், எல்லிஸ் இரண்டாவது பேஸைப் பிடித்துக்கொண்டார். மே மாதக் கடைசியை ஒட்டி அணி 20-26 என்று தடுமாறியது. அதற்குப் பிறகு 83-33. எல்லிஸுக்கு அந்த இரண்டாவது பேஸ் நிலைத்தது இந்தத் திருப்பத்தின்போதுதான், ஆனால் படத்துக்கு இருபது ஆட்டத் தொடர் வெற்றியும் ஹாட்டபர்க்கின் ஹோம் ரன்னும் போதும். இளம் முதல் பேஸ் ஆட்டக்காரர் கார்லோஸ் பேன்யாவைப் பயிற்சியாளர் ஆர்ட் ஹவ் பிடிவாதமாக ஆட வைத்ததாகவும் பீன் அவரை விற்று வழிக்குக் கொண்டுவந்ததாகவும் படம் சொல்கிறது. அந்த பேன்யாவை 2002 ஜனவரியில் டெக்சாஸிலிருந்து வாங்கி வந்ததே பீன்தான்! கியாம்பிக்கு முதல் மாற்று அவர்தான் என்று திட்டம் போட்டவரும் பீன்தான். திட்டம் பலிக்காதபோது மாற்றினார், அவ்வளவுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லையே, ஏன் மறைக்கணும்?

போன மூவருக்கும் ஈடாக விதிப்படி டிராஃப்ட் வாய்ப்புகள் கிடைத்தன. 2002 டிராஃப்டின் முதல் 39 தேர்வில் ஏழு ஓக்லண்டுடையவை. ஆனால் ஏழு பேருக்கும் கொடுக்கப் பணம் இல்லாததால், குறைவாகக் கேட்கும் கல்லூரிப் பையன்கள் பக்கம் போனார்கள். நிக் ஸ்விஷர், ஜோ பிளான்டன், மார்க் டீஹன் தேறினார்கள். புத்தகத்தின் செல்லப்பிள்ளை ஜெரமி பிரவுன் பெரிய லீக்கில் ஆடியது ஐந்தே ஆட்டம். மற்ற மூன்று பேர் அங்கே வரவே இல்லை. பள்ளிப் பிட்சர்களை நம்பாதே என்பது புத்தகம் பெருமையாகச் சொல்லும் கொள்கை. 16 ஆவதாக ஸ்விஷரை ஓக்லண்ட் எடுத்ததும் 17 ஆவதாகப் போன பள்ளிப் பிட்சர் கோல் ஹேமல்ஸ். 24 ஆவதாக பிளான்டன், 25 ஆவதாக மாட் கெய்ன். ஆறிப்போன பிறகு பார்த்துக் குறை சொல்வது எளிது, தெரியும். ஆனாலும் அடுத்தடுத்த எண்கள் என்பதால் கண்ணில் படாமல் இருக்காது.

புத்தகத்தின் மையக் கருத்து பொய்யில்லை. ஆன்-பேஸ் திறனுக்கு அப்போதைய சந்தை குறைந்த சம்பளமே கொடுத்தது என்பதை ஹேக்ஸ், சாவர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006 இல் சம்பளக் கணக்கை வைத்தே காட்டினார்கள். புத்தகம் வந்த அடுத்த ஆண்டு அந்த இடைவெளி மூடிவிட்டதையும் சேர்த்தே காட்டினார்கள். ரகசியம் வெளியானதும் லாபம் போய்விட்டது.

வறுமைதான் மிச்சம். அந்த வறுமையை மழை, வெயில் மாதிரி இயற்கையாகவே காட்டுகிறது படம். 2001 சீசன் தொடங்கும்முன் கியாம்பியோடு நீண்ட ஒப்பந்தப் பேச்சு நடந்தது. வேறு அணிக்கு விற்கக்கூடாது என்ற ஷரத்தைத் தர ஓக்லண்ட் மறுத்ததில் அது முறிந்தது என்பது அன்றைக்கே செய்தி. முதலாளி எடுத்த முடிவு அது. 2003 சீசன் தொடங்கும்முன்பே தெஹாடாவைத் தக்கவைக்கப் போவதில்லை என்று அணித் தரப்பு வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அவர் பால்டிமோர் போனார். 2004 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் ஹட்சனும் மல்டரும் கைமாறினார்கள். 2006 முடிந்ததும் ஜிட்டோ விரிகுடாவின் அக்கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கு 12.6 கோடி டாலருக்குப் போனார். அடுத்த ஐந்து ஆண்டில் ஒரு ஆண்டுகூட ஓக்லண்ட் பாதிக்கு மேல் ஜெயிக்கவில்லை. படம் திரைக்கு வந்த 2011 செப்டம்பரில் அணி முடித்துக்கொண்டிருந்த சீசன் 74 வெற்றி, 88 தோல்வி. பொது மேலாளர் அப்போதும் பில்லி பீன்தான்.