இஞ்ச் டேப்பும் நாலு மதிப்பெண்ணும்

நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் நிரப்பும் சி.பி.ஏ.சி. படிவம் எனக்குப் பிடித்த வடிவமைப்பு. வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் சர்க்கரை, பிரஷர். கூட்டினால் 4-க்கு மேல் வருகிறவர் பரிசோதனைக்கு முதலில் போகணும். இஞ்ச் டேப் போதும், சிக்னல்கூட வேண்டாம்.

ஆனால் வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற கேள்வி எங்க கிருஷ்ணன்கோவில் பக்கம் தடுமாறும். 'எக்சர்சைஸ் பண்றீங்களாக்கா?' என்று கேட்டால், காட்டில் களை எடுக்கிறவர் 'அதுக்கு ஏது நேரம்' என்பார். ஒரு மதிப்பெண் கூடும், பரவாயில்லை. 'வேலை பாக்குறீங்களா?' என்று மாற்றிக் கேட்டால், நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரும் 'ஆமா' என்பார். 5 வரவேண்டியவருக்கு 4. வரிசையில் பின்னால் போய்விடுவார். ஆப்பில் ஏற்றினாலும் இதே தப்புதான், கொஞ்சம் வேகமாக. 'எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே வேலை?' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.