பானையைப் பார்த்து உண்போர்

நூலைத் திறனாய்வர், நாடகத்தைத் திறனாய்வர், ஓர் உணவுக் கடையின் பந்தியைத் திறனாய்வதும் உண்டோ என அன்பர்கள் வினவக்கூடும். உண்டு என்பதே நம் விடை. ஒரு சமுதாயத்தின் கைத்திறன் அதன் அடுக்களையில் தெரியும். பண்பு தெரிவது பந்தியில்தான். பந்தியைப் பார்க்கச் சென்ற இடத்தில் நம் சொந்தப் பந்தியின் குறை நமக்குத் தெரிய வந்தது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

அண்மையில் இல்லத்தாரோடும் மூத்த உறவினர் ஒருவரோடும் வியட்நாமின் சைகோன் நகருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 1976 முதல் ஹோ சி மின் நகரம் என்பதே அதன் அரசுப் பெயர். எனினும் அவ்வூரார் நாவில் சைகோன் என்னும் பழம்பெயர் இன்றும் வழங்குகிறது. நம் கடற்கரை ஊர்களின் முதியோரும் அப்பெயரையே அறிவர். பிரெஞ்சுக்காரர் ஆட்சி அங்கே நிலைபெற்ற பின்னர், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காரைக்கால், புதுச்சேரி முதலிய ஊர்களிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் கப்பலேறிச் சென்று துணிக்கடையும் பிற வணிகமும் நடத்தினர். நகரின் நடுவே டோங் யூ தெருவில் 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நான்கு மினாராக்களோடு நிற்கிறது. 1975 இல் போர் முடிந்து ஆட்சி மாறியதையொட்டி அவர்களுள் பெரும்பாலோர் அந்நகரை நீங்கினர். பள்ளிவாசல் எஞ்சியது. 'கறி' என்னும் நம் சொல்லும், எவர் வாய்வழியாகச் சென்றிருப்பினும், 'கா ரி' என்று அம்மொழியில் எஞ்சியது. தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துச் சமைத்த கோழிக் கறியை ரொட்டியோடு உண்பது அங்கே எளிய மக்களின் வழக்கம்.

அப்பள்ளியில் மஃரிபு தொழுதுவிட்டு, தொழுகைக்கு வந்திருந்த ஒருவர் வழிகாட்ட, சந்து ஒன்றினுள் அமைந்த சிற்றுணவகத்தை அடைந்தோம். வியட்நாமிய அடுக்களையில் பன்றி இறைச்சி மிகுதி ஆதலின், ஹலால் உணவு தேடுவோர் இவ்வாறு கேட்டறிந்து செல்வதே நலம். உணவகத்தை நடத்துவோர் சாம் முஸ்லிம் குடும்பத்தினர். பழைய சம்பா அரசின் வழித்தோன்றல்களே சாம் மக்கள். மீகாங் ஆற்றின் கிளையோரத்தில் சாவ் டொக் பகுதியில் வாழும் சாம் முஸ்லிம்கள், நம் கடற்கரை ஊரார் பலரைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். இக்குடும்பமும் அப்பகுதியிலிருந்து வந்ததே. வீட்டின் முன்கூடமே உணவகம், மேசைகள் ஆறு. பாட்டியார் வாயிலருகே அமர்ந்து இலைகளை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் அடுப்பங்கரையில் நின்றார். மருமகள் கணக்கும் பார்த்தார், பாத்திரமும் துலக்கினார். பன்னிரண்டு வயதிருக்கும் பேரன் தட்டுகளைச் சுமந்து வந்தான்.

நாம் எதிர்பார்த்தது சமைத்த உணவு. மேசைக்கு வந்ததோ சமையலுக்குரிய பொருள்கள்! அகன்ற தட்டம் நிறையப் பச்சிலைகள்: லெட்டூஸ், புதினா, துளசியின் இனமான மணமுள்ள இலை, அடிப்புறம் செவ்வூதா நிறங்கொண்ட இலை ஒன்று, மீன்வாடை வீசும் இலை மற்றொன்று. அவற்றோடு மெல்லியதாய் அரிந்த பச்சை வாழைக்காயும் தமரத்தங்காயும். வேறொரு தட்டில் காகிதம்போல் மெலிந்த அரிசித் தகடுகள். இன்னொன்றில் சிவந்த பச்சை மாட்டிறைச்சி, வெற்றிலை கனத்தில் அரிந்து அடுக்கப்பட்டிருந்தது. நடுவே சிறு அடுப்பும், அதன்மேல் காடியும் இளநீரும் எலுமிச்சைப்புல்லும் வெங்காயமும் கூடிக் கொதிக்கும் சட்டியும். உடன் வந்த மூத்தவர் பச்சை இறைச்சியைக் கண்டு முகம் சுளித்தார். "கடைக்காரர் சமைக்க மறந்துவிட்டார் போலும்" என்றார்.

பேரன் செய்து காட்டினான். இறைச்சித் துண்டைக் கொதிநீரில் இட்டு, நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். அரிசித் தகட்டை நீரில் நனைத்து உள்ளங்கையில் விரித்து, இலைகளையும் காய்த் துண்டையும் இறைச்சியையும் அதில் வைத்து, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். அத்தகட்டின் பெயர் பான் ட்ராங். அரிசி மாவைக் கரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமேல் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டிகளில் உலர்த்தி எடுப்பர். நம் இல்லங்களில் வெயிலில் வடகம் காயவைப்பதை அறிந்த பெண்டிருக்கு இது புதுமையன்று. சைகோனுக்கு வடமேற்கே உள்ள ட்ராங் பாங் என்னும் ஊரில் அதனை இரவுப் பனியில் விரித்து மென்மையாக்குவர் என்பதே புதுமை.

சுவையை முதலில் எடைபோடுவோம். அரிசித் தகட்டுக்குத் தனிச்சுவை இல்லை, இருக்கவும் கூடாது. அது பிறவற்றைத் தாங்கும் இலை. இறைச்சி சிறிதளவே. கவளத்தின் உடலாக நிற்பவை பச்சிலைகள். நம் பந்தியில் இறைச்சியே அரசாட்சி செய்யும். புதினாவும் மல்லியும் அதன் ஏவலர். இங்கே அம்முறை தலைகீழ். காடியின் புளிப்பு இறைச்சியின் கொழுப்பைத் தணிக்கிறது. வாழைக்காயின் துவர்ப்பு இனிப்பைத் தணிக்கிறது. காடியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நல்ல தொடுகறி எனப் பாராட்டியதை ஏட்டில் படித்திருந்தோம். அதன் பொருளை நாவால் உணர்ந்தது அன்றுதான். தோய்க்கும் சாறு, மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் நுவோக் மாம். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பூண்டு, மிளகாய் ஆகியவை அதன் கூர்மையை அடக்கியிருந்தன. கருவாட்டுக்குப் பழகிய நாக்கு அதனை வெறுக்காது.

வெற்றிலை இனத்தைச் சேர்ந்த லா லொட் என்னும் இலையில் பொதிந்து சுட்ட கொத்திறைச்சி அன்றைய உணவுகளுள் தலையாயது. இலை கருகும் மணமே அதன் மசாலா. சாம் மக்களுக்கே உரிய துங் லோ மோ என்னும் மாட்டிறைச்சிக் குடற்பொதியோ நம்மை ஏமாற்றியது. இறைச்சியோடு சோறு சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்வதால் இயல்பில் இனிய புளிப்புடையது அது. அன்று அதனை அனலில் மிகையாக வாட்டியிருந்தனர். புளிப்பு மறைந்து கரியின் கசப்பே எஞ்சிற்று.

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். அயலார்க்குச் சுருட்டத் தெரியாது என்றெண்ணி, பேரன் நமக்காகத் தானே சுருட்டிச் சுருட்டி அடுக்கத் தொடங்கினான். அன்பினால் செய்ததே. ஆயினும் அவன் சுருட்டித் தந்த ஐந்தும் ஒரே அளவு, ஒரே சுவை. நாம் சுருட்டியவை பிரிந்தன. சாறு முழங்கைவரை வழிந்தது. மூத்தவர் சுருட்டியது தட்டிலேயே குலைந்து சிறுவரைச் சிரிக்க வைத்தது. எனினும் புதினாவை மிகுதியாக விரும்பியவர் மிகுதியாக வைத்தார். மீன்வாடை இலையை ஒதுக்கியவர் ஒதுக்கினார். சமைப்பவர் தம் பணியின் கடைசிப் பகுதியை உண்பவரின் கையில் விட்டுவைத்திருப்பதே இவ்வுணவின் இயல்பு. அதனைப் பிடுங்கிக்கொண்டால் எஞ்சுவது வெறுஞ்சிற்றுண்டி. விருந்தினர் தடுமாறட்டும் என்று விட்டுவிடுவதே இவ்வுணவகத்தார் செய்யத்தக்க உபசாரம்.

இறைச்சித் தட்டில் துண்டுகள் குறைந்து வந்தபோதுதான் இவ்வுணவு நமக்கு ஒரு தேர்வு வைத்தது. யார் எத்தனை எடுத்தார் என்று எவரும் எண்ணவில்லை; ஆனால் தட்டு அனைவர் கண்முன்னும் இருந்தது. நம் இளைய மகன் அவசரமாய் அடுத்தடுத்து மூன்று துண்டுகளைச் சட்டியில் இட்டான். வாயிலருகே இருந்த பாட்டியார் அதனைக் கண்டு நகைத்து, ஏதோ கூறினார். பேரன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான். உண்ணும்போது பானையைப் பார், அமரும்போது திசையைப் பார் என்பது அந்நாட்டுப் பழமொழியாம். பானையில் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை பேர் உண்ண வேண்டும் என்று பார்த்து எடு என்பதே அதன் கருத்து. மகன் நாணினான், ஒரு துண்டை எடுத்துத் தன் தமக்கையின் தட்டில் வைத்தான்.

அக்கணம் நம் சஹன் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் பெருந்தட்டு ஒன்றைச் சூழ்ந்தமர்ந்து பலர் கூடி உண்ணும் முறையை நாமறிவோம். அதனைச் சமத்துவத்தின் சான்று என மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பெருமை பொய்யன்று. ஒருவர் கை பட்ட சோற்றை மற்றவர் அருவருப்பின்றி உண்பது இந்நாட்டின் தீண்டாமைக் கொடுமைக்கு நடுவே எளிய செயலன்று.

ஆனால் ஒரே தட்டு என்பது மட்டும் போதுமா? தத்தம் பக்கத்திலிருந்து உண்ணுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறுவருக்குக் கற்பித்தார்கள். உண்டும் நிறைவில்லை என முறையிட்டோரிடம், பிரிந்து உண்கிறீர்கள் போலும்; கூடி அமர்ந்து இறைவன் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்பதும் அவர்களின் போதனையே. இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், கூடியுண்பதன் உயிர் தட்டில் இல்லை. பக்கத்திலிருப்பவரின் பங்கை நினைக்கும் கையில் இருக்கிறது என்பது விளங்கும். அந்நினைவு இல்லாதவிடத்துச் சஹனும் வெறும் பெரிய தட்டே.

நம் விருந்துகளை எண்ணிப் பார்ப்போம். சஹனில் சோறு வைத்த உடனே நடுவிலுள்ள இறைச்சியைத் தம் பக்கம் ஒதுக்கும் கை எத்தனை! செல்வர் ஒரு சஹனிலும், அவர் கடையில் கணக்கெழுதும் உறவினர் வேறொரு சஹனிலும் அமர்த்தப்படுவதை நாம் கண்டதில்லையா? ஆடவர் பந்தி முடிந்த பின் ஆறிய சோறு பெண்டிர்க்குச் செல்வதும், அவர்களுள்ளும் சமைத்தவள் கடைசியில் அடிச்சட்டியைத் துழாவுவதும் எந்த ஊரில் இல்லை? இப்போது மண்டபங்களில் அவரவர் தட்டேந்தி வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் முறை பரவி வருகிறது. சஹன் மறைகிறதே என்று வருந்துவோர் உளர். அது தரையிலிருந்து மறையும் முன்பே நம் கைகளிலிருந்து மறையத் தொடங்கிவிட்டது என்பதே நம் வருத்தம்.

தனித்து உண்பது குற்றம் என்று நாம் கூற வரவில்லை. கூடி உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்று நூர் அத்தியாயத்தில் இறைவனே இடமளித்திருக்கிறான். கூடி உண்கிறோம் என்று சொல்லிக்கொண்டே தனித்து உண்பதுதான் நம் குறை.

அந்நாட்டாரை வானளாவப் புகழவும் நாம் ஒருப்படோம். அன்றிரவு கடைசி விருந்தினராக நாம் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், அக்குடும்பத்தார் மூலை மேசையில் தம் உணவுக்கு அமர்ந்தனர். மூத்தோரை ஒவ்வொருவராக விளித்து, உண்ண அழைத்துவிட்டுப் பின்னரே இளையோர் கிண்ணத்தைத் தொடுவது வியட்நாமியர் மரபு. வடபுலத்தில் கண்டிப்பாகவும் தென்புலத்தில் சற்றுத் தளர்வாகவும் நிலவுகிறது. பேரன் பிஸ்மில்லாஹ் கூறி, பாட்டியை அழைத்து, தாய்தந்தையரையும் அழைத்த பின்பே உண்டான். கண்ணுக்கு இனிய காட்சி. ஆனால் சோற்றுப் பானை மருமகளின் பக்கத்தில் இருந்தது. கிண்ணங்கள் காலியாகுந்தோறும் அவரே நிரப்பினார். இருமுறை எழுந்து அடுக்களைக்குச் சென்று வந்தார். பானையருகே அமர்பவர் தம் உணவை நடுநடுவே நிறுத்தியாக வேண்டும். பானையைப் பார் என்னும் பழமொழி அவரையும் பார்க்கச் சொல்கிறதா என்று கேட்கத் தோன்றியது. ஒன்று மட்டும் சொல்லலாம்: அவருக்கும் அதே மேசையில், அதே நேரத்தில், ஓர் இருக்கை இருந்தது.

நம் மேசையில் அன்று பானையருகே எவரும் இல்லை. சட்டி நடுவில், சமைப்பதும் பரிமாறுவதும் எல்லோர் கையிலும். திருமணமான இத்தனை ஆண்டுகளில் நம் இல்லத்தரசி நம்மோடு உண்ணத் தொடங்கி நம்மோடு உண்டு முடித்தது அன்றுதான் என்பதை விடுதிக்குத் திரும்பும் வழியில் அவரே சொன்னார். குறைகூறும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது நம்மைச் சுட்டது.

ஊர் திரும்பிய பின் காடிச் சட்டியும் அரிசித் தகடும் தேடி நாம் அலையவில்லை. அவை அந்நாட்டுக்கு உரியவை. பரண்மேல் கிடந்த பழைய சஹனை இறக்கித் துலக்கினோம். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின், ஆடவர், பெண்டிர், சிறுவர் என்று பாராமல், வீட்டில் உள்ள அனைவரும் அதனைச் சூழ்ந்து அமர்கிறோம். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வந்த பின்னரே பிஸ்மில்லாஹ். முதல் வாரம் குழம்பு சற்று ஆறியிருந்தது. எவரும் குறை சொல்லவில்லை. இளைய மகன் மட்டும் நடுவிலிருந்த ஈரலைக் கண்ணால் அளந்தான். பின்னர் அதனைத் தாயின் பக்கம் நகர்த்தினான்.